கறுத்த பழத்துக்குத் தடை

மலையடிவாரத்து ஓடைக்கரையில் ஒரு வாழைத்தோப்பு இருந்தது. நட்டவர் யாரும் இல்லை. அதனால் அது எல்லோருக்கும் சொந்தம்.

முள்ளம்பன்றி தாழத் தொங்கும் தாரில் பச்சைக் காயாகவே தின்னும். கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும் அதற்கு. குரங்குகளுக்கு மஞ்சள் பழம். மரநாய்க்கோ தோல் கறுத்துக் குழைந்த பழம்தான் இனிக்கும். முள்ளம்பன்றி விட்டது குரங்குக்கு. குரங்கு விட்டது மரநாய்க்கு. தோப்பில் சண்டையே இல்லை.

செம்பட்டை என்ற குரங்கு தலைவனானதும் எல்லாம் கெட்டது. பதவி வந்தால் சட்டம் போடாமல் இருக்க முடியுமா? ஓர் அந்தியில் அது பாறைமேல் ஏறி நின்றது.

"கேளுங்கள்! வாழைக்கு ஒரே பக்குவம்தான். புள்ளி விழாத மஞ்சள்! காயைத் தின்பது காட்டுமிராண்டித்தனம். கறுத்ததைத் தின்பது அசிங்கம். இனி யாரும் அவற்றைத் தொடக்கூடாது!"

"ஆகா! எங்கள் தலைவரின் நாக்கே நாக்கு!" என்று குதித்தது அணில்.

மரநாய் முன்னால் வந்தது. அது குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் தாய்.

"அண்ணே, நான் பொழுது சாய்ந்துதான் வெளியே வருவேன். அதற்குள் மஞ்சள் பழமெல்லாம் தீர்ந்துவிடும். கறுத்ததும் கிடையாது என்றால் எனக்குப் பால் எப்படி ஊறும்? குட்டிகள் செத்துப்போகும்!"

"சீக்கிரம் எழுந்து வரப் பழகு! உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன்."

நன்மைக்காம்! அடுத்தவர் வாயிலிருந்து பிடுங்குகிறவன் எப்போதும் இதைத்தான் சொல்கிறான்.

"நான் தின்றால் உனக்கா வயிறு வலிக்கிறது?" என்று மரநாய் கேட்டது.

"பார்க்கச் சகிக்கவில்லை!"

கறுத்த பழங்களை எல்லாம் குரங்குகள் ஓடையில் வீசின. மற்ற விலங்குகள் வாயை மூடிக்கொண்டு நின்றன. மரநாயின் மடி வற்றியது. குட்டிகள் கத்தவும் தெம்பில்லாமல் கிடந்தன. முள்ளம்பன்றியும் காயை விட்டுவிட்டு, மஞ்சளாகட்டும் என்று பட்டினி கிடந்தது.

ஒரு காலையில் சில தார்கள் பழுத்தன. எல்லா வயிறும் ஒரே பழத்தின்மேல் பாய்ந்தது! மரநாய் வெயிலில் கண் கூச ஓடிவந்தது. முள்ளம்பன்றி முட்களோடு கூட்டத்தில் புகுந்தது. குரங்கு குரங்கின் வாலைக் கடித்தது. சீப்புகள் பிய்ந்து காலடியில் நசுங்கின. மரநாயின் வாய்க்கு ஒரு வெறும் தோல்தான் கிடைத்தது. குரங்குக் குட்டிகளுக்கு அதுவும் இல்லை.

செம்பட்டையின் வயிறும் காலி. தோப்பில் மிஞ்சியவை பச்சைத் தார்கள் மட்டுமே. அது மறுபடியும் பாறைமேல் ஏறியது.

"கேளுங்கள்! இன்று முதல் பச்சைக் காய்தான் சரியான பக்குவம். குரங்குகளுக்கே முதல் உரிமை!"

"ஆகா! அந்தத் துவர்ப்புக்கு ஈடு உண்டா!" என்றது அணில், வெட்கமே இல்லாமல்.

"நான் தின்றால் காட்டுமிராண்டித்தனம், நீ தின்றால் நாகரிகமா?" முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்துக்கொண்டு வாழையடியில் உட்கார்ந்தது. "இப்போது ஏறடா, பார்க்கலாம்!"

மரநாய் தள்ளாடி வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தது. "எனக்குக் காய் பிடிக்காது. ஆனாலும் உன்னை ஏற விடமாட்டேன். உன் பழத்தை நாங்கள் என்றைக்காவது தொட்டோமா? எங்களை அதன்மேல் துரத்தியதே நீதான்!"

"இதுகளை விரட்டுங்கள்!" என்று செம்பட்டை கத்தியது.

ஒரு குரங்கும் அசையவில்லை. பசியில் அழும் குட்டியை இடுக்கியிருந்த ஒரு மந்தி சொன்னது: "முதலில் நீ கீழே இறங்கு! உன் சட்டத்தைத் தின்று என் பிள்ளைக்கு வயிறு நிறையவில்லை!"

மற்ற மந்திகளும் பல்லைக் காட்டின. செம்பட்டை இறங்கியது. அதற்குள் அணில் மந்தியின் பக்கம் போய் நின்றுகொண்டது.

மாலைக்குள் தரையில் நசுங்கிக் கிடந்த பழமெல்லாம் கறுத்துவிட்டது. எந்தக் குரங்கும் அதைத் தொடவில்லை. மரநாய் வயிறார நக்கித் தின்றது. விடிவதற்குள் அதற்குப் பால் சுரந்தது. மற்றக் குட்டிகள் முட்டி முட்டிக் குடித்தன. கடைக்குட்டி மட்டும் எழுந்திருக்கவே இல்லை.

தன் நாக்குக்குப் பிடித்ததை ஊருக்கே சட்டமாக்குகிறவனை முதல் நாளே எதிர்த்து நில்லுங்கள். நீங்கள் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் விலை கொடுப்பது எளியவரின் பிள்ளைதான்.