குருவிக்கூட்டில் மண் ஏறிய விதம்

மூன்று முட்டைகளும் கிணற்றுத் தண்ணீரில் விழுந்தபோது கூடு காற்றில் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. கிணற்றின் மேல் சாய்ந்த பனையோலை நுனியில் உட்கார்ந்து சிட்டாள் கீழே பார்த்தாள். தண்ணீரில் வட்டங்கள் விரிந்து அடங்கின.

பறவைகள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. கனத்தது சீக்கிரம் விழும், லேசானது தங்கும் என்று தூக்கணாங்குருவிகள் நம்பின. எவன் கூடு எடை குறைவோ அவனுக்குத்தான் மதிப்பு. சிட்டாளும் அப்படித்தான் பொன்னையனின் கூட்டுக்குக் குடிவந்தாள்.

"இன்னும் ரெண்டு நார் உருவிடறேன் புள்ள. பஞ்சாட்டம் ஆயிடும்," என்றான் பொன்னையன்.

"ஏனுங்க, லேசா இருந்தும் முட்டை போச்சுங்களே?"

அவள் வயிற்றில் இன்னும் ஓர் ஈடு முட்டை இருந்தது. இந்தப் பருவத்துக்கு அதுதான் கடைசி.

சிட்டாள் கிணற்று மேட்டுக் களிமண்ணில் இரண்டு உருண்டைகள் பிடித்தாள். ஒன்று கொண்டைக்கடலை அளவு, இன்னொன்று பாசிப்பயறு அளவு. இரண்டையும் ஓலையில் வைத்து இறக்கையால் ஒன்றாகத் தள்ளினாள்.

"என்ன மாப்ள, வீட்டுல மண்ணுலதான் சமையலா?" பக்கத்து ஓலையில் கூடு கட்டியிருந்த மாரப்பன் சிரித்தான்.

தண்ணீரில் ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது. மறுபடியும் அதேபோல் இரண்டு பிடித்துத் தள்ளினாள். அப்போதும் ஒன்றுதான்.

"உனக்குக் காது அடைச்சிருக்குது," என்று இன்னொரு தடவை தள்ளச் சொல்லிவிட்டுப் பொன்னையனே தண்ணீர் மட்டத்துக்கு இறங்கிப் போய்ப் பார்த்தான். மேலே வந்து இறக்கையை உதறினான். "சேந்துதான் விழுது," என்றான்.

"அப்பக் கனத்துக்கு என்னதானுங்க வேலை?"

மறுநாள் பகல் முழுக்க அவள் வேலியோரம் உட்கார்ந்திருந்தாள். அங்கே ஒரே பருமனில் இரண்டு சுரைக்காய்கள் தொங்கின. ஒன்று பச்சை, மற்றது போன வருஷத்துக் காய்ந்த குடுக்கை. காற்று வரும்போதெல்லாம் குடுக்கை வேலியில் போய் மோதியது. பச்சைக்காய் லேசாக அசைந்து நின்றது. இரண்டுக்கும் காற்று ஒன்றுதான்.

திரும்பும்போது அலகில் களிமண் கொண்டுவந்தாள். பொன்னையன் வாசலை மறித்தான்.

"நார் அறுந்தா எல்லாம் போயிடும் புள்ள."

"பச்சைக்காய் காம்புலதானுங்க தொங்குது. நீங்க காம்பைத் தடியாக்குங்க."

அவன் முணுமுணுத்தபடி கூட்டின் கழுத்தில் புது நார்களைச் சுற்றினான். அவள் உள்சுவரில் மண்ணை அப்பினாள். அவள் போகவர, "மண்ணுமூட்டை!" என்று மாரப்பன் கூப்பிட்டான்.

முட்டையிட்ட மறுநாள் மத்தியானம் ஆடிக்காற்று பனையை வளைத்தது. மாரப்பனின் கூடு சுழன்று ஓலையில் அடித்தது. சிட்டாள் முட்டைகளின் மேல் படுத்து, கால்விரல்களால் நாரைப் பற்றிக்கொண்டாள். கூடு மெல்ல ஒரு பக்கம் போனது, மெல்லத் திரும்பியது. வயிற்றுக்கடியில் முட்டைகள் ஒன்றையொன்று தொட்டு விலகின. அவ்வளவுதான்.

இன்றைக்கும் தூக்கணாங்கூட்டைப் பிரித்தால் உள்ளே காய்ந்த களிமண் இருக்கும். மின்மினியை ஒட்டி விளக்கு வைக்க என்று சொல்வார்கள். ஆனால் கூட்டில் மண் ஏறியது அந்த ஆடிக்காற்றுக்காகத்தான்.

காற்று நின்றதும் மாரப்பன் தண்ணீர் குடிக்கப் போகிறவன்போல் இறங்கினான். அலகு நிறையச் சேற்றை அள்ளிக்கொண்டு, ஓலைக்கு மறுபக்கமாகச் சுற்றி வந்து தன் கூட்டுக்குள் நுழைந்தான்.