கிராங்க் வால்ல இருந்த மரை

குருன்னா தாடி இருக்கணும்னு சொல்லுவாங்க. சிங்காநல்லூர் கார் ஷெட்டுல தாடி இருந்தது சிஷ்யனுக்குத்தான். குருவுக்கு ஜடை.

சிஷ்யன் பேரு சென்னியப்பன். பாதி ஆயுசை லாரி இஞ்சினுக்குள்ள தலையை விட்டே ஓட்டுன மனுசன். பழைய கார் வேலை கத்துக்கலாம்னு, தன்னவிடச் சின்னவ பூங்கோதைகிட்ட வந்து சேந்தாரு. அவரு அம்மிணின்னுவாரு, அது அண்ணான்னும்.

ஷெட்டுல ஒரு வழக்கம். இஞ்சினைப் பிரிக்கறப்ப என்னன்னே தெரியாத சாமான் வந்தா, அதுல ஒரு செவப்பு நூலைக் கட்டிட்டு குருகிட்டக் கேக்கணும். மத்தவங்க இஞ்சினெல்லாம் புள்ளை வரம் கேட்டுக் கட்டுன மரமாட்டம் செவசெவன்னு கெடக்கும். சென்னியப்பன் இஞ்சின்ல பேருக்கு ஒரு நூல் கெடையாது.

"என்னுங்ணா, நூலு தீந்து போச்சுங்களா?"ன்னான் கூட வேலை பாக்கற பையன் ஒருத்தன்.

"தெரியாதவனுக்குத்தான்டா நூலு. எனக்கெதுக்கு?"

சொன்ன வாய் மூடல, பாட்டன் காலத்துக் கார் ஒண்ணு வந்துச்சு. இஞ்சினுக்குள்ள சுத்தற கிராங்க் தண்டை வெளிய எடுத்தா, வால்பக்கம் திருகாணி மரையாட்டம் கோடு கோடா சுத்தியிருக்கு. லாரியில இப்படி ஒண்ணை அவரு கண்டதே இல்லை. கை நூலுக்குப் போச்சு. எதிர்ல ரெண்டு பேரு பல்லைக் காட்டிட்டு நின்னானுங்க. கை தாடிக்குப் போயிருச்சு.

"எவனோ கீறி வெச்சிருக்கான்"னு சட்டுனு துணியப் போட்டு மூடி, பக்கத்து லேத்துப் பட்டறை காசிம்கிட்டக் கொண்டு போனாரு.

"மச்சான், இதைக் கடைஞ்சு வழவழன்னு குடு."

காசிம் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "வேணும்னே போட்ட மரையாட்டத் தெரியுதே. அம்மிணிகிட்டக் கேட்டியா?"

"நான் சொல்றேன்ல! எனக்கே பாடமா?"

காசிம் கடைஞ்சு குடுத்தாரு. மூஞ்சி பாத்து பொட்டு வெச்சுக்கலாம், அப்படி ஒரு பளபளப்பு.

பூட்டி ஓட்டுனாங்க. இஞ்சின் பாட்டாப் பாடுச்சு. பின்னாடி மட்டும் ஆயில் கொடகொடன்னு ஊத்துச்சு.

பூங்கோதை குனிஞ்சு பாத்துச்சு. "அண்ணா, கிராங்க் வால்ல மரை இருந்திருக்கணுமே?"

"நான் குடுக்கறப்ப இருந்துச்சுங்க அம்மிணி. காசிம்தான் என்ன பண்ணுனானோ."

வாயை விட்டுப் போன பொறவுதான் அவருக்கே தெரிஞ்சுது, என்ன சொன்னோம்னு.

காசிமைக் கூப்பிட்டாங்க. சட்டையெல்லாம் இரும்புத் தூளோட வந்து நின்னாரு. விசயத்தைக் கேட்டாரு. சென்னியப்பனைப் பாத்தாரு. சென்னியப்பன் தரையைப் பாத்தாரு.

"கடைஞ்சது நான்தானுங்க அம்மிணி"ன்னாரு காசிம். அப்படியே திரும்பிப் போயிட்டாரு.

"இனி அந்தாளுகிட்ட ஒரு போல்ட்டு கூடக் குடுக்கக்கூடாதுங்க"ன்னான் ஒருத்தன். மத்தவங்களும் தலையாட்டுனாங்க. இந்த ஷெட்டு வேலை போச்சுன்னா காசிம் பட்டறைக்குப் பூட்டுதான். அது சென்னியப்பனுக்குத் தெரியாதா?

மத்தியானம் எல்லாரும் டீக்கடைக்குப் போனதும் பூங்கோதைகிட்ட வந்தாரு. அது சாப்பிட்டுட்டு இருந்துச்சு.

"அம்மிணி, அந்த மரை எதுக்குங்க?"

"அந்தக் காலத்துல ரப்பர் சீல் ஏதுங்ணா? வெளிய வர்ற ஆயிலை அந்த மரைதான் உள்ள திருப்பி உடும்."

"மறுபடி அதைப் போட முடியுமுங்களா?"

"வெல்டு ஏத்திப் போடலாம். எத்தனை மரை, எவ்வளவு ஆழம்னு தெரியணும். எனக்குத் தெரியலீங்ணா."

தண்ணி குடுங்கன்னு கேக்கற மாதிரி சொல்லுச்சு, தெரியலைன்னு. சென்னியப்பனுக்குத் தாடி மயிரெல்லாம் கூசுச்சு.

"நீங்க எண்ணிப் பாத்தீங்களாண்ணா?"

"எண்ணிப் பாக்கலீங்க. என்னன்னு தெரியல, கேக்க வெக்கம். துணியப் போட்டு மூடிட்டேன். கடையச் சொன்னதும் நான்தானுங்க."

பூங்கோதை திட்டல. ஆச்சரியப்படவும் இல்லை.

"அப்ப சரியாப் பாத்தது காசிமண்ணன் ஒருத்தருதான். நீங்க கடையச் சொன்ன மரை எப்படி இருந்துச்சுன்னு போய்க் கேளுங்க."

சென்னியப்பன் வாசலை எட்டிப் பாத்தாரு.

"அவனை இங்க வரச்சொல்லி ஓரமாக் கேட்டுக்கட்டுங்களா? பட்டறைக்கு முன்னாடிதான் டீக்கடை. நம்ம ஆளுக பூராவும் அங்கதான் உக்காந்திருக்காங்க."

பூங்கோதை டப்பாவை மூடுச்சு.

"அப்பக் கொஞ்சம் சத்தமாக் கேளுங்கண்ணா. லேத்து ஓடிட்டிருக்கும்."