பள்ளத்தெரு போடாத ஓட்டு

நாவலேரியில் ஊராட்சித் தலைவர் பதவிக்கு நின்றபோது சௌந்தரி கொடுத்தது ஒரே ஒரு வாக்குறுதிதான். "ஊர்ல இருக்கிற எல்லாரும் கலந்து பேசி என்ன முடிவு பண்றீங்களோ, அதை அப்படியே செய்வேன். என் இஷ்டத்துக்கு ஒரு துரும்பைக்கூட அசைக்க மாட்டேன்." மாரியம்மன் கோயில் வாசலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தாள். ஊர் நம்பியது, அவள் ஜெயித்தாள்.

கலந்து பேச ஓர் இடம் வேண்டுமே! மென்பொருள் வேலை பார்த்துவந்த உள்ளூர்ப் பையன் பரிதி, கைப்பேசியில் திறக்கிற மாதிரி ஓர் இணைய மன்றம் அமைத்துக் கொடுத்தான். யாரும் குறையைச் சொல்லலாம், வாதாடலாம், கடைசியில் ஓட்டுப் போடலாம். தெருவிளக்கு, ரேஷன் கடை நேரம், கோயில் மைதானத்து வேலி எல்லாம் அங்கேயே தீர்ந்தன. வெளியூர்க்காரர்கள் வந்து வியந்து போனார்கள்.

பிறகு குப்பைக் கிடங்கை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. பெரிய தெருவில் வீடுகள் அதிகம். ஏரிக்குத் தெற்கே, தாழ்வில் கிடந்த பள்ளத்தெருவில் குறைவு. முடிவு என்னவாகும் என்பது ஓட்டுப் போடும் முன்பே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. குப்பை பள்ளத்தெரு முனைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தத் தெருவில் குடியிருந்த பச்சையம்மா சௌந்தரியை நிறுத்தி, "நாங்க எப்பவாச்சும் ஜெயிப்போமா தலைவரம்மா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் சௌந்தரி ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பாள். பச்சையம்மாவோ ரேஷனில் சர்க்கரை வந்துவிட்டதா என்று கேட்பது போலக் கேட்டாள்.

ஐப்பசியில் பிடித்த மழை விடவே இல்லை. ஏரி நிரம்பித் தளும்பியது. பெரிய தெருப் பக்கத்துக் கரையில் நீர் கசிய ஆரம்பித்தது. சாலையை வெள்ளம் அறுத்துக்கொண்டு போய்விட்டதால் அதிகாரிகள் யாரும் வரமுடியவில்லை. விளக்குப் போட வேண்டிய அளவுக்கு இருண்டு கிடந்த ஒரு மத்தியானம், மன்றத்தில் யாரோ எழுதினார்கள்: "தெற்குக் கரையை வெட்டிவிட்டால் பெரிய தெரு பிழைக்கும்." தெற்கே இருப்பது பள்ளத்தெரு என்று எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. உடனே ஓட்டெடுப்பு தொடங்கியது. துபாயில் இருந்த நாவலேரிக்காரர்கள்கூடப் போட்டார்கள்.

பரிதி சௌந்தரியை அழைத்தான்.

"அக்கா, பள்ளத்தெருவுலேர்ந்து ஒரு ஓட்டுகூட வரல. அங்க நேத்தே கரண்ட் போயிடுச்சு, யார் போன்லயும் சார்ஜ் இல்ல. இது எனக்கு மட்டுந்தான் தெரியுது. நீங்க ம்னு சொல்லுங்க, கணக்கை மாத்திடறேன்."

"வேண்டாம் பரிதி. இன்னைக்கு நல்லதுக்கு மாத்துவ. நாளைக்கு எவனாவது மிரட்டினா அதுக்கும் மாத்துவ. வந்ததை வந்தபடியே போடு."

அவன் போட்டான். வெட்டச் சொல்லித்தான் வந்திருந்தது.

கரையில் கூட்டம் குடைகளுக்கு அடியில் நின்றது. சிலர் கையில் மண்வெட்டி இருந்தது. எல்லார் கையிலும் கைப்பேசி இருந்தது. ஒருவரும் சத்தம் போடவில்லை. சௌந்தரி நல்லது கெட்டதுக்குப் போய்வந்த வீட்டு மனிதர்கள்தான் அத்தனை பேரும்.

மழைக்கு முன்பே ஊருக்கு வந்து, இப்போது கரையை வெட்ட நின்றிருந்த பொக்லைனின் ஓட்டுநர் சவரிமுத்து அசலூர்க்காரன். கீழே தெரிந்த கூரைகளைப் பார்த்தான். எஞ்சினை நிறுத்தி, சாவியை உருவிக்கொண்டு இறங்கினான்.

"எனக்கு உங்க ஊர்ல ஓட்டு இல்லம்மா. போட்டவங்க யாராவது வெட்டிக்கட்டும்."

அவன் நடந்து போய்விட்டான். கூட்டம் சௌந்தரியைப் பார்த்தது.

"நான் வர்ற வரைக்கும் யாரும் கரையில கை வைக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு அவள் பள்ளத்தெருவுக்கு இறங்கினாள். வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். நடக்க முடியாதவர்களைக் கட்டிலோடு தூக்கச் செய்து, மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள்.

"யாரு முடிவு பண்ணாங்க?" என்று கேட்டாள் பச்சையம்மா.

"ஊர்."

"அப்ப நாங்க?"

சௌந்தரி அவளுடைய அரிசி மூட்டையைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

எல்லாரும் மேடேறிய பிறகு கரைக்குத் திரும்பினாள். ஒருவர் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கித் தானே வெட்டினாள். முதலில் ஒரு வாய்க்கால் அளவுக்கு ஓடிய தண்ணீர், பிறகு கரையையே பிய்த்துக்கொண்டு இறங்கியது. பள்ளத்தெருவில் ஒரு சுவர்கூட மிஞ்சவில்லை. ஓர் உயிரும் போகவில்லை. பெரிய தெரு பிழைத்தது. வெட்டாமல் விட்டிருந்தால் அந்தப் பக்கத்துக் கரை உடைந்திருக்குமா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

மழை விட்டதும் மன்றத்தில் அடுத்த ஓட்டெடுப்பு வந்தது: "பள்ளிக்கூடத்தில் தங்கியிருப்பவர்களை எப்போது வெளியேற்றுவது?"

கணக்கை மாற்றாமல் வந்த முடிவை வெளியிட்டான் பரிதி. வெட்ட மாட்டேன் என்று போய்விட்டான் சவரிமுத்து. உயிர்களைக் காத்துவிட்டு, சொன்ன சொல்லையும் நிறைவேற்றினாள் சௌந்தரி. இந்த மூவரில் யார் செய்தது சரி? மேலே படிக்காமல் சற்று யோசித்துச் சொல்லுங்கள்.

விடை: சவரிமுத்து செய்ததே சரி. எல்லாரும் கலந்து பேசி எடுக்கும் முடிவுக்குத்தான் சௌந்தரி சத்தியம் செய்தாள். அன்று பள்ளத்தெரு பேசவில்லை, பேச வழியும் இல்லை. ஆகவே அது ஊரின் முடிவே அல்ல. அவளை எந்தச் சத்தியமும் கட்டுப்படுத்தவில்லை. பொய்க் கணக்குப் போடாதவரை பரிதி நல்லவன்தான். ஆனால் ஒரு தெருவே ஓட்டுப் போடவில்லை என்பதை அறிந்தவன், ஓட்டெடுப்பு செல்லாது என்று எல்லாரும் பார்க்க அறிவித்திருக்க வேண்டும். இந்த விடையைச் சௌந்தரியிடமே ஒருவர் சொன்னார். அவள் மறுக்கவில்லை. "நான் முடியாதுன்னு சொல்லியிருந்தா, பள்ளத்தெரு ஜனங்க வீட்டுக்குள்ள இருக்கும்போதே கரையில நின்னவங்க வெட்டியிருப்பாங்க," என்றாள்.