செல்லாக்காசு மீனின் கறுப்புப் பொட்டு

அந்தக் காலத்தில் மீன்களுக்கு வாய்ப்பேச்சு இருந்தது. ஆறு கடலைத் தொடும் கழிமுகத்தில் காது கொடுத்துக் கேட்டால் ஒரே சலசலப்பாக இருக்குமாம். யார் வீட்டு முட்டை பொரிந்தது, யார் தூண்டிலில் இரையை மட்டும் கடித்துக்கொண்டு தப்பி வந்தது என்று தண்ணீருக்குள் ஓயாத ஊர்வம்பு.

அந்தக் காலத்தில் செல்லாக்காசு மீனின் உடம்பில் கறுப்புப் பொட்டு கிடையாது. காசு மாதிரி வட்டமாக, தட்டையாக, மஞ்சளாக இருக்கும். பத்து மீன் சேர்ந்து வந்தால் எது எது என்று பெற்ற தாய்க்கே தெரியாது.

அங்கே அலையாத்தி மரத்தின் வேர்களுக்கு நடுவே மருதி என்ற சேற்றுக்கெண்டை குடியிருந்தாள். உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை உடம்பு, அதில் முத்து முத்தாகப் புள்ளிகள். அவளும் அவள் புருஷன் கொம்பனும் ஒரு வேரைத் துடைத்துச் சுத்தம் செய்து, அதில் முட்டைகளை ஒட்டிவைத்து, துடுப்பால் விசிறி விசிறிக் காத்தார்கள். எவ்வளவு காத்து என்ன? கொம்பன் ஒரு பக்கம் விரட்டினால் செல்லாக்காசுக் கூட்டம் மறுபக்கம் நுழைந்து கொத்திக்கொண்டு ஓடிவிடும். கடைசியில் வேரில் மிஞ்சியது ஒரே ஒரு முட்டை. அதிலிருந்து பிறந்தவள் துரும்பு.

ஒற்றைப் பிள்ளை என்பதால் மருதி அவளைக் கண்ணைவிட்டு அகலவிடமாட்டாள். துரும்புக்கோ எதைக் கண்டாலும் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும்.

"அம்மா, இந்தச் சிப்பி ஏன் வாயைத் திறந்து திறந்து மூடுது?"

"அதோட வாய், அதோட இஷ்டம். நீ இந்தப் பக்கம் வா."

அம்மா திரும்பிய நேரம் பார்த்து துரும்பு சிப்பியின் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். சிப்பி படக்கென்று மூடிக்கொண்டது. தலை தப்பியது. திரும்பிய வேகத்தில் வால் நுனி மட்டும் சிக்கிக் கிழிந்தது.

சின்னக் காயம்தானே என்றிருந்தார்கள். ஒரு காலையில் துரும்பு துள்ளிக்கொண்டு வந்தாள்.

"அம்மா, பாரேன்! என் வால்ல பூ பூத்திருக்கு!"

கிழிந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று பஞ்சு போல ஏதோ முளைத்து, நீரோட்டத்தில் அசைந்துகொண்டிருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பூவைச் சூடிய மீன்களை மருதி முன்பே பார்த்திருக்கிறாள். பூ வளரும், மீன் மெலியும். ஒருநாள் பூ மட்டும் மிதக்கும்.

கழிமுகத்தில் வைத்தியம் என்றால் நண்டு மாமாதான். வளைக்கு வெளியே கண்ணை மட்டும் நீட்டிப் பார்த்தார்.

"முதல்ல பிள்ளையை மத்ததுங்க கூட விடாதே. தனியா வை. பிறகு கடல் முகத்துக்குக் கூட்டிட்டுப் போய் உப்புத் தண்ணியில கொஞ்ச நேரம் நிறுத்து. உப்பு பட்டா அது கருகும்."

"சரியாயிடுமா மாமா?"

"எனக்கு உப்பு தெரியும். சரியாகிறது எனக்குத் தெரியாது" என்று கண்ணை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மருதி பிள்ளையை அணைத்தாற்போல் கூட்டிப்போனாள். உப்பு பட்டதும் துரும்பு "எரியுதும்மா" என்றாள், ஆனால் நின்றாள். பஞ்சு வளர்வது நின்றதுபோல் தெரிந்தது. அம்மாவுக்கு ஆசை வந்தது. இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் முழுவதும் போய்விடுமே என்று கடலை நோக்கி இன்னும் நகர்த்தினாள். துரும்பின் செவுள்கள் படபடவென்று அடித்தன. உடம்பு ஒருக்களித்துச் சாய்ந்தது. பின்னாலேயே வந்த கொம்பன் பாய்ந்து இருவரையும் ஆற்றுப் பக்கம் தள்ளினான்.

"பிள்ளையைக் கருவாடு போடப் பாக்கிறியா?"

மருதி பிள்ளையைத் தன் விலாவில் சாய்த்துக்கொண்டாள்.

வேருக்குத் திரும்பினார்கள். புதிதாகப் பஞ்சு முளைக்கவில்லை, ஆனால் முளைத்தது அப்படியே இருந்தது. அடியில் வால் அழுகத் தொடங்கியிருந்தது. மருதி தன் வாயாலேயே பிடுங்கிப் பார்த்தாள். பெரிய வாய். பஞ்சோடு சதையும் வந்தது. துரும்பு அலறிய அலறலில் அவள் பின்வாங்கிவிட்டாள்.

"அக்கா, உன் வாய்க்கு அது ஆகாது."

வேருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. ஒரு செல்லாக்காசு. குறுணி என்று பெயர்.

"போடி முட்டைத் திருடி!" என்று கொம்பன் பாய்ந்தான். குறுணி ஒதுங்கியது, ஆனால் ஓடவில்லை. துரும்பின் வாலையே பார்த்துக்கொண்டு நின்றது.

"என்னடி பார்க்கிறே?" என்றாள் மருதி.

"அந்த வெள்ளையை. பார்த்தாலே எனக்கு நாக்கில தண்ணி ஊறுது."

மருதிக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் ஏதோ ஒன்று அவளைக் கேட்கவைத்தது. "வெள்ளையை மட்டுமா? வாலையுமா?"

"வெள்ளையை மட்டும். வாலுக்கு ருசியே இல்லை."

"என் முட்டையைத் தின்னது நீதானா?"

"ஆமாக்கா. கெட்டு வெளுத்ததையும் தின்னேன், நல்லதையும் தின்னேன். நல்லது இன்னும் ருசி. உன்கிட்ட எதுக்குப் பொய்?"

"கேட்டியா! கேட்டியா!" என்று கொம்பன் குதித்தான்.

மருதி குதிக்கவில்லை. அந்தச் சின்ன வாயைப் பார்த்தாள். ஊசி நுனி மாதிரி இருந்தது. வேரில் பக்கத்து முட்டைக்குச் சேதமில்லாமல் ஒவ்வொன்றாக எடுத்த வாய் அது. அப்போது அதை நினைத்து வயிறெரிந்தாள். அதே வாயால் சதையை விட்டுப் பஞ்சை மட்டும் எடுக்க முடியுமோ? திருட்டுக்கும் வைத்தியத்துக்கும் ஒரே வாயா?

"கிட்ட வா" என்றாள்.

"வந்தா முழுங்கிடுவே."

"நீ கிட்ட வந்தா நானும் என் பிள்ளையை உன் வாய்க்கு முன்னால வைக்கணும். பயம் உனக்கு மட்டும்தானா?"

குறுணி வேரைத் தாண்டிக் கிட்ட வந்தது.

"ஒண்ணு கேட்டுக்கோ. உங்க கூட்டத்தில எது நீ, எது உன் அக்கான்னு எனக்குத் தெரியாது. வேற எதுவும் என் பிள்ளையைத் தொடக்கூடாது. உனக்கு நான் ஒரு அடையாளம் வைக்கிறேன்."

மருதி கீழே போய் அலையாத்தி வேரடியிலிருந்து கறுப்புச் சேற்றை வாய் நிறைய அள்ளிக்கொண்டு வந்தாள். குறுணி ஓடாமல் நின்றது. மருதி அதன் விலாவை உதடுகளுக்கு நடுவில் கவ்வினாள்.

அவ்வளவு சின்ன உடம்பு. இதயம் துடிப்பது உதட்டில் தெரிந்தது. ஒரே ஒரு அழுத்தம் போதும். பொரியாமல் போன பிள்ளைகள் எல்லாம் அந்த வேரில் வரிசையாக அவள் நினைவுக்கு வந்தார்கள். கொம்பன் பார்த்துக்கொண்டு நின்றான். வளைக்கு வெளியே இரண்டு கண்கள் நீண்டன.

"அம்மா, அது குட்டியா இருக்கு. அதுக்கு வலிக்குதா?" என்றாள் துரும்பு.

மருதி உதடுகளைத் திறந்தாள். அடுத்த பக்கமும் மெதுவாக ஒற்றியெடுத்தாள். மஞ்சள் விலாவில் இரண்டு பக்கமும் வட்டமாகக் கறுப்புப் பொட்டு ஒட்டிக்கொண்டது.

"இப்ப உன் முறை" என்றாள்.

பிறகு பிள்ளையின் பக்கத்தில் போய்த் தன் துடுப்பு எல்லாவற்றையும் அகல விரித்து, வாயை இறுக மூடி, அசையாமல் நின்றாள். "என்னை மாதிரி நில்லு கண்ணு. அசையாதே" என்று முன்பே சொல்லியிருந்தாள். துரும்பும் வாலை விரித்தாள். குறுணி ஒரு இழையைக் கொத்தியது. துரும்பு சிலிர்த்தாள், அலறவில்லை. இன்னொரு இழை. இன்னொன்று. ஒவ்வொரு கொத்துக்கும் மருதியின் உடம்பு உள்ளுக்குள் துள்ளியது, துடுப்பு மட்டும் அசையவில்லை.

"கூசுதும்மா" என்று துரும்பு சிரித்தபோதுதான் மருதிக்கு மூச்சு வந்தது.

குறுணி தினமும் வந்தது. பஞ்சு போய்ச் சிவந்த காயம் தெரிந்தது. நண்டு மாமா சொன்னபடி இடையிடையே அளவாக உப்புத் தண்ணீரிலும் நிறுத்தினார்கள். சிவப்பு மறைந்து, கண்ணாடி போல மெல்லிய புது வால் நுனி எட்டிப் பார்த்தது. துரும்பு அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, குறுணி நல்லதா, கெட்டதா?"

"தெரியலைடி."

அடுத்த முட்டைக் காலம் வந்தது. மருதி வேரில் முட்டை ஒட்டிய அன்றே குறுணி வந்து எட்டிப் பார்த்தது. பொட்டைப் பார்த்தும் மருதி விடவில்லை, ஆற்றின் நடுவரைக்கும் துரத்தினாள்.

"என்னக்கா, நம்ம பழக்கம் இவ்வளவுதானா?"

"பழக்கம் இருக்கிறதாலதான் துரத்துறேன். இல்லேன்னா கடிச்சிருப்பேன். குஞ்சுங்க வளர்ந்த பிறகு வா."

குறுணி கோபித்துக்கொள்ளவில்லை. குஞ்சுகள் வளர்ந்த பிறகு வந்தது. மருதி துடுப்பை விரித்து நின்றாள்.

குறுணியின் குஞ்சுகளும் அதே பொட்டோடு பிறந்தன; அன்று முதல்தான் செல்லாக்காசு மீனுக்கு விலாவில் கறுப்புப் பொட்டு. அன்று முதல்தான், கழிமுகத்திலானாலும் கண்ணாடித் தொட்டியிலானாலும், சேற்றுக்கெண்டை தன் முட்டைக்குப் பக்கத்தில் அதை அண்டவிடாமல் விரட்டுகிறது. உடம்பில் பஞ்சு பூத்துவிட்டால் அதே சின்ன வாய்க்கு முன்னால் துடுப்பை விரித்து, தன் வாயை மட்டும் இறுக மூடிக்கொண்டு, அசையாமல் நிற்கிறது.