உதிரிப் பழம் கூடாது என்ற ஆணை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எண்ணெய்ப் பனை வளரும் ஒரு செம்பனைத் தோட்டம். புதிதாக வந்த மேலாளர் கிருபாகரன் முதல் நாளே ஓர் ஆணையை எழுதி ஒட்டினார்: எண்ணெய் ஆலைக்குப் பழுத்த குலைகள் மட்டுமே போக வேண்டும், ஆனால் குலையிலிருந்து கழன்ற ஓர் உதிரிப் பழம்கூட எந்த நேரத்திலும் தரையில் கிடக்கக் கூடாது. கிடந்தால், உதிரி பொறுக்கும் பவுனம்மாளுக்கு வேலை இல்லை.

பவுனம்மாள் பதினெட்டு ஆண்டுகளாகக் குனிந்து பொறுக்கியவள். ஆலையின் தர ஆய்வாளர் வந்த அன்று, அவர் எதிரிலேயே மேலாளரைக் கேட்டாள்.

"தொரை, கீழ உதிரியே இல்லாத மரமாப் பாத்து, பழுத்த குலை ஒண்ணு நீங்களே காட்டுங்க. வெட்டிடுவோம்."

"இதென்ன பெரிய வித்தையா?" என்ற மேலாளர், உச்சியில் சிவந்திருந்த ஒரு குலையைக் காட்டினார். வெட்டியதும் அது தடாலென்று விழுந்தது. ஆய்வாளர் உலுக்கினார், ஒரு பழமும் கழலவில்லை. பிளந்து பார்த்தார், சதை வெளிறியிருந்தது.

"காய்," என்றார்.

"பழுத்தாத்தான் உதிரும் தொரை. அந்த உதிரியைப் பாத்துத்தான் குலையையே வெட்டுறோம். மரம் உதிர்த்ததுக்கு என் சோத்துல மண்ணா?"

ஆய்வாளர் மேலாளர் பக்கம் திரும்பினார். "அந்த ஆணையை இன்னைக்கே கிழிச்சுப் போட்டுடுங்க சார்."

"கிழிச்சதைக் கீழ போட்டுடாதீங்க தொரை," என்றாள் பவுனம்மாள். "அதையும் நான்தான் குனிஞ்சு பொறுக்கணும்."