கடல் கதவின் ஜன்னல்

அந்தக் காலத்தில் பறவைகளுக்கும் பேச்சு இருந்தது. நெதர்லாந்தில், கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்த நிலத்தில், ஹோல்வெய்க் என்று ஒரு மீனவ ஊர். ஊரைச் சுற்றி உயரமான மண்கரை. படகுகள் வந்துபோகக் கரையில் ஒரே ஒரு வழி. அந்த வழிக்குக் கனத்த மரத்தில் இரட்டைக் கதவு போட்டிருந்தார்கள். கடல் பொங்கினால் கதவைச் சாத்துவார்கள். சாத்திய பிறகு, வெளியே தண்ணீர் வடியும்வரை அதன் அழுத்தத்தை எதிர்த்து எத்தனை பேர் தள்ளினாலும் அது திறக்காது.

கதவின் பொறுப்பு யெல்ஸ்கெ என்ற பெண்ணிடம் இருந்தது. அவள் கணவன் விப்ரன் மீனவன். தேவாலயக் கோபுரத்து உச்சியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துச் சொல்வது சாம்பல் நாரையின் வேலை. அப்போது அதற்கு இனிமையான குரல். படகு திரும்பும்போது அதில் இருப்பவர் பெயரைச் சொல்லிக் கூவும். அதைக் கேட்டுத்தான் பெண்கள் அடுப்பில் சூப்பை ஏற்றுவார்கள்.

ஒரு வசந்த காலப் பிற்பகலில் வடமேற்கிலிருந்து புயல் வந்தது. படகுகள் அவசரமாக உள்ளே நுழைந்தன. விப்ரனின் படகு மட்டும் வரவில்லை. கடல் நீர் ஊருக்குள் ஓடத் தொடங்கியது. கதவை உள்ளே இழுத்துச் சாத்த ஆட்கள் தயாராக நின்றார்கள்.

யெல்ஸ்கெ கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தாள். "வெளியே யாராவது இருக்கிறார்களா?"

நாரை பார்த்தது. மழைக்கு அப்பால் ஒரு பழுப்புப் பாய் சாய்ந்து சாய்ந்து வந்துகொண்டிருந்தது. பிறகு அது கீழே பார்த்தது. வாய்க்காலோரத்து மரத்தின் தாழ்ந்த கிளையில் அதன் கூடு. இறக்கை முளைக்காத குஞ்சுகள். தண்ணீர் கூட்டைத் தொட்டுவிட்டது.

"யாரும் இல்லை. விப்ரன் வேறெங்காவது கரை ஒதுங்கியிருப்பான். சாத்து" என்றது.

நாரை அதுவரை பொய் சொன்னதில்லை. யெல்ஸ்கெ சாத்தினாள்.

சிறிது நேரத்தில் கதவில் தட்டும் சத்தம் கேட்டது.

"மரக்கட்டை ஏதோ மோதுகிறது" என்றார் பக்கத்து வீட்டு ஹில்லெ.

யெல்ஸ்கெ கதவில் காதை வைத்தாள். "கட்டை என் பெயரைச் சொல்லாது" என்றாள்.

எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். கதவு அசையவில்லை. கயிற்றோடு கரைமேல் ஏறியவர்களைக் காற்று கீழே தள்ளியது. பொழுது சாய்வதற்குள் வெளியே குரல் நின்றுவிட்டது.

மறுநாள் தண்ணீர் வடிந்து கதவைத் திறந்தபோது விப்ரன் அங்கேயே கிடந்தான். அவனைப் புதைத்துவிட்டு யெல்ஸ்கெ கோபுரத்தடிக்கு வந்தாள்.

"நீ அவனைப் பார்த்தாயா?"

"பார்த்தேன்."

"ஏன் சொல்லவில்லை?"

"சொன்னால் நீ காத்திருப்பாய். என் குஞ்சுகள் செத்துப்போயிருக்கும்."

"ஊரும் மூழ்கியிருக்கும்" என்றாள் யெல்ஸ்கெ. "தெரிந்திருந்தால் சாத்தியிருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. சாத்தியிருந்தாலும், அவன் பெயரைச் சொல்லி ஒரு வார்த்தை கத்திவிட்டுச் சாத்தியிருப்பேன். அவன் என்ன நினைத்துக்கொண்டு செத்தானோ."

நாரை மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தது. விப்ரனின் பெயரைச் சொல்லத் தொடங்கியபோது தொண்டை அடைத்துக்கொண்டது. கரகரவென்று ஒரு சத்தம்தான் வந்தது. அதற்குப் பிறகு ஒரு சொல்லும் வரவில்லை. குஞ்சுகள் பிழைத்து வளர்ந்தன. அவற்றுக்குப் பேசக் கற்றுக்கொடுக்க அதனால் முடியவில்லை.

யெல்ஸ்கெ ரம்பம் எடுத்துவந்து, ஆள் முகத்தின் உயரத்தில் கதவை அறுத்து, தடித்த கண்ணாடி பொருத்தினாள்.

"கடல் உடைத்துவிடும், யெல்ஸ்கெ" என்றார் ஹில்லெ.

"உடைந்தால் வேறு போடுவேன்" என்றாள்.

ஹோல்வெய்க்கின் கடல் கதவில் ஜன்னல் இருப்பதும், சாத்துகிறவர் கடைசிவரை அதன் வழியே வெளியே பார்த்துக்கொண்டே இழுப்பதும் அன்று தொடங்கியவை. கோபுரத்தை விட்டிறங்கிய நாரை தண்ணீரோரம் தனியே அசையாமல் நிற்பதும், எழுந்து பறக்கையில் அந்த ஒற்றைக் கரகரப்பைத் தவிர எதுவும் சொல்ல முடியாமல் இருப்பதும் அன்று முதல்தான்.