வெண்புள்ளியின் நான்காம் பருவம்

ஒரு காட்டில் மூன்று கல்லூரிகள் இருந்தன. ஏட்டுப் படிப்புக்கு அல்ல, குழந்தைகளே. ஓடவும் தாவவும் கற்றுத்தரும் கல்லூரிகள். ஏரிக்கரையில் ஒன்று, மூங்கில்தோப்பில் ஒன்று, மலையடிவாரத்தில் ஒன்று.

ஆண்டுதோறும் மழை ஓய்ந்து ஓடை தெளிந்ததும் மூன்று கல்லூரிகளுக்கும் போட்டி நடக்கும். ஓடையின் அகலமான இடத்தில் கால் நனையாமல் தாண்ட வேண்டும். அக்கரையில் யார் அதிகத் தொலைவில் போய் விழுகிறாரோ அவருக்குக் காட்டுமல்லி மாலை.

போட்டிக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒருவர் நான்கு பருவம்தான் போட்டியில் இருக்கலாம். தாண்டினாலும் அது ஒரு பருவம், சும்மா உட்கார்ந்திருந்தாலும் அது ஒரு பருவம். இது முதல் சட்டம். கல்லூரி மாறியவர் ஒரு பருவம் களத்தில் கால் வைக்கக் கூடாது. இது இரண்டாவது.

இவற்றை எழுதி வைக்க அந்தக் காட்டில் ஏடும் இல்லை, எழுத்தாணியும் இல்லை. ஒரு கிளிதான் மனப்பாடமாய் வைத்திருந்தது. காதில் ஒருமுறை விழுந்ததை ஒரு சொல் பிசகாமல், சொன்னவர் குரலிலேயே திருப்பிச் சொல்லும். அதற்கு என்ன பொருள் என்று கேட்டால் மட்டும் தலையைச் சாய்த்துக்கொண்டு கொய்யாப்பழத்தைப் பார்க்கும்.

ஏரிக்கரைக் கல்லூரியில் வெண்புள்ளி என்றொரு மான் இருந்தது. அதிகம் பேசாது. பேசாததால் மற்றவர் பேசுவதை நன்றாகக் கேட்கும்.

அதை அந்தக் கல்லூரிக்கு அழைத்து வந்தது நெடுவால் என்ற நரி. இந்த நரியைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்று சொல்லிவிட வேண்டும், பிறகு சொல்ல வாய்க்காது. நன்றாகக் கற்றுக்கொடுக்கும். முன்கால்களை எப்போது மடக்குவது, எந்த அடியில் எழும்புவது என்று அது சொல்லித்தந்தால் ஆமைக்கும் தாவ ஆசை வந்துவிடும்.

“நான்கு பருவமும் உன் கூடவே இருப்பேன். நீ மாலை போட்டுக்கொள்வதைப் பார்க்காமல் நகர மாட்டேன்” என்று அது சொல்லியிருந்தது.

முதல் பருவத்தில் வெண்புள்ளி கரையிலேயே இடறி விழுந்தது. இரண்டாம் பருவத்தில் நடு ஓடையில் விழுந்தது. மூன்றாம் பருவத்தில் அக்கரையை எட்டிவிட்டது. பின்னங்குளம்பு ஒன்று மட்டும் தண்ணீரைத் தொட்டுவிட்டது. அந்த ஒரு குளம்பை நினைத்து நினைத்து, மான் ஒரு வாரம் சரியாகப் புல்லே மேயவில்லை.

“அடுத்த பருவம் பார்த்துக்கொள்ளலாம்” என்றது நரி.

அடுத்த பருவத்துக்கு நரியைக் காணோம். மூங்கில்தோப்புக் கல்லூரியில் மழை ஒழுகாத பெரிய வளை கொடுத்தார்களாம். சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது.

அதன் இடத்துக்கு ஓர் எருமை வந்தது. எருமைக்குச் சேற்றில் புரண்டு மல்லுக்கட்டுவதைத் தவிர வேறெதுவும் விளையாட்டாகத் தெரியவில்லை. வந்த அன்றே தாண்டும் குழியில் தண்ணீரைத் திருப்பிவிட்டுச் சேறாக்கியது.

“நான் எங்கே தாண்டிப் பழகுவது?” என்று கேட்டது மான்.

“எதற்குத் தாண்ட வேண்டும்? வந்து புரள்” என்றது எருமை.

வேறு வழியில்லாமல் வெண்புள்ளி மலையடிவாரக் கல்லூரிக்குப் போனது. அங்கே ஒரு வரையாடு கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தது.

“எங்கள் குழியில் கல் அதிகம். கால் வலிக்குமே, பரவாயில்லையா?” என்று கேட்டது வரையாடு.

“சேறில்லையே, அது போதும்” என்றது மான்.

இரண்டு மாதம் அந்தக் கல்லில் விழுந்து எழுந்தது வெண்புள்ளி. முழங்கால் தோல் உரிந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட ஒரு சாண் தள்ளிப் போய் விழுந்தது. வரையாடு சும்மா யாரையும் புகழாது. அதுவே ஒருநாள் வாய்விட்டு, “அடேயப்பா!” என்றது.

இந்தச் செய்தி மூங்கில்தோப்புக்குப் போயிற்று. நெடுவால் நரி அங்கே ஒரு முயலைப் போட்டிக்குத் தயார் செய்துகொண்டிருந்தது. நல்ல முயல்தான். ஆனால் மான் வந்தால் மாலை யாருக்கு என்று நரிக்குத் தெரியாதா? அது தானே பழக்கிய மான் அல்லவா!

உடனே நீதிபதியான யானையிடம் ஓடியது.

“ஐயா, வெண்புள்ளி கல்லூரி மாறியிருக்கிறது. சட்டப்படி இந்தப் பருவம் அது உட்கார வேண்டும்.”

இது வெண்புள்ளிக்கு நான்காம் பருவம். உட்கார்ந்தால் இதுவும் போய்விடும். பிறகு ஆயுள் முழுக்கத் தாண்டினாலும் அது போட்டியாகாது. நரிக்கு இதுவும் தெரியும்.

வழக்கு நாளன்று இலுப்பை மரத்தடியில் காடே கூடிவிட்டது. யானையார் கிளியைப் பார்த்தார். கிளி சட்டத்தைச் சொன்னது.

“கல்லூரி மாறியவர் ஒரு பருவம் களத்தில் கால் வைக்கக் கூடாது.”

“நீ மாறினாயா, வெண்புள்ளி?” என்று கேட்டார் யானையார்.

“மாறினேன், ஐயா.”

“அப்படியானால் சட்டத்தை ஒப்புக்கொள்கிறாயா?”

“உட்காரச் சொன்னால் உட்காருகிறேன், ஐயா. என் பக்கத்தில் நரியாருக்கும் ஓர் இடம் போட்டுவிடுங்கள்.”

“எனக்கா?” என்றது நரி.

“நானும் நீங்களும் ஒரே கல்லூரியில்தான் இருந்தோம், ஆசானே. நீங்கள் எனக்கு ஒரு மாதம் முன்னால் மாறினீர்கள். கிளியார் சொன்னதில் மான் என்று இல்லை, நரி என்றும் இல்லை. மாறியவர் என்றுதான் இருக்கிறது.”

கூட்டத்தில் சலசலப்பு. இத்தனை காலமாக எத்தனை பேரை இந்தச் சட்டம் உட்கார வைத்திருக்கிறது! கற்றுக்கொடுக்கிறவர்கள் தாவித் தாவி ஊர் மாறியதை மட்டும் யாருமே கல்லூரி மாறியதாக நினைத்ததில்லை. யானையாரே நினைத்ததில்லை. அவர் காதுகள் அசைவதை நிறுத்திவிட்டன.

“யோசிக்க வேண்டும். வெயில் தாழ்ந்ததும் கூடுவோம்” என்று எழுந்துபோனார்.

வெண்புள்ளி தண்ணீர் குடிக்க ஓடைக்கு வந்தது. அங்கே செம்பட்டை என்ற கீரி, தாண்டுகிறவர்கள் விழும் இடத்தில் மணலைச் சீவிச் சமன் செய்துகொண்டிருந்தது. ஒரு காலத்தில் செம்பட்டையின் தாண்டலைப் பார்க்க மரமெல்லாம் குரங்காக இருக்கும். வெள்ளத்தில் வளை மூழ்கியதால் அது மூங்கில்தோப்பிலிருந்து ஏரிக்கரைக்கு மாறியது. சட்டம் அதை உட்கார வைத்தது. அது அதன் நான்காம் பருவம். இரண்டு ஆண்டாக மற்றவர்கள் விழுவதற்கு மணல் சீவுகிறது.

பின்னாலேயே நரி வந்தது. குரலில் தேன் ஒழுகியது.

“வெண்புள்ளி, நமக்குள் எதற்கு வம்பு? நான் புகாரைத் திரும்பப் பெறுகிறேன். நீ என் பேச்சை எடுக்காதே. நீயும் தாண்டு, நானும் கரையில் நிற்கிறேன். யாருக்கு என்ன நஷ்டம்?”

‘சரி’ என்று ஒரு சொல் போதும். ஓடை கண்ணெதிரே மின்னியது. மானுக்கு ஆசையாக இருந்தது, மிகவும் ஆசையாக இருந்தது.

“அப்படியானால் சட்டம் அப்படியே இருக்கும், இல்லையா?” என்று கேட்டது.

“இருந்துவிட்டுப் போகட்டுமே. நம்மைக் கடிக்காது.”

“அடுத்து வருகிறவரைக் கடிக்கும்.”

“அடுத்து வருகிறவரைப் பற்றி உனக்கென்ன கவலை? யானையார் நம் இரண்டு பேரையும் உட்கார வைத்துவிட்டால் என்ன செய்வாய்? எனக்கு அடுத்த பருவம் இருக்கிறது. உனக்கு?”

“எனக்கு இல்லை” என்றது வெண்புள்ளி. ஆனாலும் மணல் சீவும் கீரியை ஒருமுறை பார்த்துவிட்டு, “முடியாது, ஆசானே” என்றது.

சிங்கத்தின் முன் நிற்பதற்குக்கூட இவ்வளவு தைரியம் வேண்டாம், குழந்தைகளே. எட்டும் தூரத்தில் இருக்கும் சொந்த ஆசைக்கு முன் நிற்பதுதான் கடினம்.

வெயில் தாழ்ந்தது. யானையார் வந்தார்.

“நெடுவாலே, மான் சொன்னதற்கு உன் பதில் என்ன?”

நரி இப்போது தனக்காகப் பேச வேண்டியிருந்தது. தனக்காக என்றால் நரியின் நாக்குக்குத் தனி வேகம். கூட்டத்தின் நடுவே வந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டது.

“ஐயா! ஓரிடத்தில் சேர்ந்துவிட்டேன் என்பதற்காக, அந்த இடம் எனக்கு உதவாமல் போன பிறகும் அங்கேயே கட்டிப்போடுவீர்களா? நான் யாரையும் நடுவில் விட்டுவிட்டு ஓடவில்லை. போட்டி முடிந்த பிறகுதான் போனேன். எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். ஒரு பருவம் போனால் போனதுதான், யாரால் திருப்பித் தர முடியும்? உழைக்கிறவர் நல்ல இடம் தேடிப் போவது குற்றமா, ஐயா?”

கடைசியில் ஒரு விம்மலும் விம்மியது. இரண்டு புறாக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டன. வெண்புள்ளிக்கே வியப்பாக இருந்தது. எவ்வளவு நன்றாகப் பேசுகிறார் நம் ஆசான்!

“வெண்புள்ளி, உன் வாதத்தைச் சொல்” என்றார் யானையார்.

“எனக்குப் பேச வராது, ஐயா. கிளியாரே, நரியார் இப்போது சொன்னதை இன்னொரு முறை சொல்லுங்கள். அதுதான் என் வாதம்.”

கிளி கிளையில் நன்றாக உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தது. “ஐயா! ஓரிடத்தில் சேர்ந்துவிட்டேன் என்பதற்காக...” என்று தொடங்கி, ஒரு சொல் விடாமல், நரியின் குரலிலேயே சொல்லி முடித்தது. கடைசி விம்மலையும் விடவில்லை.

நரி தன் வாலையே பார்த்துக்கொண்டிருந்தது.

யானையார் தும்பிக்கையை உயர்த்தினார்.

“இந்தச் சட்டம் வந்த கதை எனக்கு நினைவிருக்கிறது. போட்டிக்கு முதல் நாள் ஒரு கரடி, தேனடையைக் காட்டி அடுத்த கல்லூரிக் குரங்குகளைத் தன் பக்கம் இழுத்துவிட்டது. அதைத் தடுக்கத்தான் போட்டோம். கரடியின் திருட்டை விட்டுவிட்டு, வளை மூழ்கியவரையும் குழி போனவரையும் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறோம். நானும் கேட்காமல் தலையாட்டியிருக்கிறேன். இனி, பயிற்சி தொடங்கியது முதல் போட்டி முடியும்வரை யாரும் மாறக் கூடாது. கற்கிறவரும் கூடாது, கற்பிக்கிறவரும் கூடாது. போட்டி முடிந்து, அடுத்த பயிற்சி தொடங்கும் முன் மாறினால் அது அவரவர் விருப்பம். பயிற்சி தொடங்கும் முன்பே மாறிய வெண்புள்ளி தாண்டலாம். நெடுவாலும் கரையில் நிற்கலாம்.”

காடே ஆரவாரித்தது. யானையார் தும்பிக்கையால் அமைதி கேட்டார்.

“இன்னும் முடியவில்லை. நான்கு பருவம் என்பது நான்குதான். ஆனால் நாங்கள் உட்கார வைத்த பருவம் அதில் சேராது. செம்பட்டை எங்கே?”

கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்த கீரி, மணல் படிந்த கையோடு முன்னால் வந்தது.

“தவறு செய்துவிட்டேன், அப்பா. உனக்கு ஒரு பருவம் பாக்கி இருக்கிறது” என்றார் யானையார்.

கீரி கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டு மான் பக்கம் திரும்பிப் பார்த்தது.

போட்டி நாள் வந்தது. முதலில் முயல் தாண்டியது. அழகான தாண்டல், கால் நனையாமல் அக்கரை சேர்ந்தது. அடுத்தது செம்பட்டை. இரண்டு ஆண்டாகத் தாண்டாத கால்கள் அல்லவா, நடு ஓடையில் தொப்பென்று விழுந்தது. தலையைச் சிலுப்பிக்கொண்டு எழுந்து, சிரித்துக்கொண்டே கரையேறியது. வென்றவர்களுக்குக்கூட அப்படி ஒரு கைதட்டல் கிடைத்ததில்லை.

கடைசியாக வெண்புள்ளி ஓடிவந்தது. நரி சொல்லித்தந்த அடியில் எழும்பியது. மலையடிவாரக் கல்லில் உரமேறிய கால்களால் காற்றை உதைத்தது. நான்கு குளம்பும் உலர்ந்த மணலில், முயல் விழுந்த இடத்துக்கு மூன்று முழம் தள்ளிப் பதிந்தன. அந்த மணலை அன்று காலையில் சீவி வைத்தது செம்பட்டைதான். அதுவே ஓடிவந்து குளம்படியில் குச்சி நட்டது.

காட்டுமல்லி மாலை வெண்புள்ளியின் கழுத்தில் விழுந்தபோது, எதிர்க்கரையில் நின்ற நெடுவால் தன்னையறியாமல் கைதட்டிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தது.

போட்டி முடிந்த மறுவாரம், மூங்கில்தோப்பு முயல் தன் நரி ஆசானிடம் விடைபெற்றுக்கொண்டு மலையடிவாரத்துக்குக் கிளம்பியது. நரிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. யானையாரிடம் ஓடியது.

“ஐயா, இது அநியாயம்! உடனே ஒரு சட்டம் போட வேண்டும். ஓரிடத்தில் சேர்ந்தவர்...”

யானையார் மேலே நிமிர்ந்து பார்த்தார். மேல்கிளையில் கிளி தொண்டையைச் செருமிக்கொண்டது.

“ஐயா! ஓரிடத்தில் சேர்ந்துவிட்டேன் என்பதற்காக...”

விம்மல் வரும்வரை நரி நிற்கவில்லை. வந்த வழியே திரும்பிப் போனது. மறுநாள் காலை, இருக்கிறவர்களாவது தங்கட்டும் என்று அதுவே மூங்கில்தோப்புத் தாண்டும் குழியில் புதுமணல் கொட்டத் தொடங்கியது.

நீதி: பிறர் காலில் கட்ட நினைக்கும் கயிற்றை முதலில் நம் காலில் கட்டிப் பார்க்க வேண்டும்.